லெம்பர்கருக்கு இந்த வருடம் பயறுதான்

"ரோஸ்ட் இல்லாம துடைப்பத்த மாட்டுனா ஊரே சிரிக்கும் ரோஸி. நான் சொல்றதக் கொஞ்சம்—"

"சிரிக்கட்டும். பல்லு இருக்கிறவன் சிரிக்கட்டும். இந்த வருஷம் ரோஸ்ட் கிடையாது."

"—கொஞ்சம் காதுல வாங்கு. வாங்கவே மாட்டேங்கிற."

"வாங்கியாச்சு. நேத்தும் வாங்கியாச்சு, முந்தாநாளும் வாங்கியாச்சு. பயறு, ஸ்பெட்ஸ்லே, சாசேஜ். அது வேண்டாம்னா புளிச்ச முட்டைக்கோசும் பன்னி வயித்துக்கறியும். அதோட முடிஞ்சுது."

"லெம்பர்கருக்குப் பயறா? எவனாவது லெம்பர்கருக்குப் பயறு திம்பானா? ட்ரோலிங்கர் ஒயின்னு சொல்லு, வாயத் தொறக்காம போயிடறேன். அது தண்ணி மாதிரி, எதோட வேணாலும் போவும். லெம்பர்கர் அப்படியா? கறுப்பு ஒயின். அதுக்குக் கறி வேணும். மாட்டுக்கறிய நல்லா சூட்டுல போட்டு எடுத்து, மேல வெங்காயத்தப் பொன்னிறமா வறுத்துக் குவிச்சு, கத்திய வச்சா சாறு ஓடணும்."

"எனக்கு முதுகு வலி. அடுப்படியில நின்னு மூட்டை மூட்டையா வெங்காயம் வறுக்க என்னால ஆகாது."

"நான் வறுக்கிறேனே அண்ணி," என்றாள் ஹெர்த்தா. ரோஸி என்கிற ரோஸ்விதாவுக்கு நாத்தனார், ஓட்மாரின் தங்கை. புருஷன் போனபிறகு மாடியில்தான் இருக்கிறாள். ஈரப் பலகையில் ஸ்பெட்ஸ்லே மாவைத் தேய்த்துக் கொதிக்கிற தண்ணீருக்குள் சீவிச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல் சொன்னாள். "எனக்கு வெங்காயம் உரிச்சா கண்ணுகூடக் கலங்காது. அம்மாவே சொல்லுவாங்க, இவ கல்நெஞ்சுக்காரின்னு."

ரோஸ்விதா அவளைப் பார்த்த பார்வையில் ஹெர்த்தா குனிந்துகொண்டு ஸ்பெட்ஸ்லேயோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியா? அவளே வறுக்கிறேங்கிறா."

"அவ வறுத்தா யாரு ஸ்பெட்ஸ்லே போடுறது? நீ போடுறியா? போன வருஷம் நீ போட்டத ஆல்பிரெக்ட்டோட நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

ஓட்மார் அதற்குச் சிரிக்கவில்லை. கையில் பிர்ச் மரக் குச்சித் துடைப்பத்தையும் அதில் கட்டுவதற்கான சிவப்பு நாடாவையும் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் வாசலை மறைத்தபடி நின்றான். பெரிய ஆள். கதவு நிலைக்குக் குனிந்துதான் வருவான். "எங்கப்பா காலத்துலேர்ந்து முதல் நாளுன்னா ரோஸ்ட்டுதான்," என்று துடைப்பத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனான். ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது.

ரோஸ்விதாவுக்கு முதுகு வலியெல்லாம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி பிறந்தால் அந்த வீட்டு வாசலில் துடைப்பம் தொங்கும். துடைப்பம் தொங்கினால் வீடு கடையாகிவிட்டது என்று பொருள். சொந்தத் திராட்சையில் எடுத்த ஒயின், வீட்டு அடுப்பில் வெந்த சாப்பாடு. பழைய மாட்டுத் தொழுவத்தில் பெஞ்சுகளைப் போட்டால் ஊரே வந்து உட்காரும். இது என் மேசை, அது உன் மேசை என்கிற பேச்சு கிடையாது. இடமில்லையென்றால் "நகந்துக்க" என்று சொல்லி யார் தொடைக்குப் பக்கத்திலும் இடித்துக்கொண்டு உட்காரலாம். சில வாரம் கழித்துத் துடைப்பத்தை இறக்கினால் திரும்ப மனிதர் வாழும் வீடு.

இத்தனை வருடமாக இந்த முதல் நாள் காலையில் ரோஸ்விதாவுக்கு உள்ளூர ஒரு துள்ளல் இருக்கும். இன்றைக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. பயறுப் பானையைத் திறந்தாள், மூடினாள். சாசேஜைத் திருப்பினாள். கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள். நிலவறைக் கதவுக்குப் போய் அது மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். மூடித்தான் இருந்தது. நிலவறைக் கதவு எங்கே ஓடிவிடப் போகிறது?

ஜனவரியில் ஓட்மாருக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்தான். எழுந்தவன் நன்றாகத்தான் இருந்தான். சாப்பிட்டான், திட்டினான், கொடியைக் கவாத்துப் பண்ணப் போனான். ஒரு நாள் சாயங்காலம் ரோஸ்விதா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் தீய்ந்த நாற்றம் தெருவரைக்கும் அடிக்கிறது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில், ஓட்மார் மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவள் ஓடிவந்து பாத்திரத்தை இறக்கியபோதுதான் திரும்பினான். முகத்தில் ஒரு திகைப்பு. அப்புறம் சட்டென்று, "படிச்சிட்டிருந்தேன், கவனிக்கல," என்றான்.

அவளும் "பேப்பர்ல அப்படி என்ன இருக்கு," என்று சொல்லி வைத்தாள்.

வேறொருவனுக்கு மூக்கு போயிருந்தால், பாவம், போயிற்று என்று விட்டுவிடலாம். இவன் ஓட்மார். வியாழக்கிழமை சாயங்காலமானால் சுற்றுவட்டாரத் தோட்டக்காரன் எல்லாம் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு இந்த வீட்டுச் சமையலறைக்கு வருவான். ஓட்மார் கோப்பையைச் சுழற்றுவான், மூக்கை உள்ளே விடுவான், கண்ணை மூடுவான். "மூணாவது பீப்பாய். வாசல் பக்கத்துல இருக்கிறது. மரத்தைக் கழுவாம ஊத்திட்ட," என்பான். வந்தவன் முகம் வெளுத்துப்போகும். அவனை விட்டு வேறு யாரையும் அந்த ஊரில் கேட்பதில்லை. ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும், "சளி இன்னும் விடல, அடுத்த வாரம் வா," என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. அவன் எதுவும் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள்.

அதோடு போயிருந்தாலும் சமாளித்திருப்பாள். போனவாரம் சிவப்பு முட்டைக்கோசுக்கு ஊற்ற ஒரு கிண்ணம் ஒயின் பிடிக்கலாம் என்று நிலவறைக்கு இறங்கினாள். லெம்பர்கர் இரண்டு பீப்பாயில் இருந்தது. மேல் தோட்டத்து ஒயின் பெரிய பீப்பாயில். அந்தத் திராட்சை மாதிரி இனி எந்த வருடம் கிடைக்குமோ. மிச்சம் சின்னப் பீப்பாயில். சின்னதின் குழாயைத் திருகியதும் குப்பென்று வந்தது. வினிகர். காய்ச்சலில் கிடந்தபோது அவன் அதை நிரப்பி வைக்க மறந்திருக்கிறான். பாதிப் பீப்பாய் காலி, காற்றுப் பட்டுப் பட்டு ஒயின் திரிந்துவிட்டது.

"சின்னது கொஞ்சம் புளிப்பா இருக்கே ஓட்மார்," என்று அன்றிரவு சாப்பாட்டில் மெதுவாக எடுத்தாள்.

"லெம்பர்கர்னா புளிக்காம தேனாவா இனிக்கும்?" கரண்டியை வைத்துவிட்டான். "நானும் குடிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. முதல் நாளு அதைத்தான் ஊத்தப்போறேன். மிச்சம் இருக்கிறதை மறுநாள் காலையில பெரிய பீப்பாயில கொட்டி ரொப்பிடணும். பெருசுலயும் மட்டம் இறங்கிருக்கு."

ஒரு குடம் பாலில் ஒரு சொட்டு மோர் போதாதா? அந்தச் சின்னப் பீப்பாய் ஒயின் உள்ளே போனால் பெரியதும் போய்விடும். மேல் தோட்டம் முழுக்க, ஒரு வருட உழைப்பு முழுக்க, வினிகர்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். "உனக்கு மூக்கு போயிடுச்சு" என்று அந்த மனிதனிடம் எந்த வாயால் சொல்வது? அதைவிட அவன் காலை எடுத்துவிட்டார்கள் என்று சொல்வது எளிது.

அதனால் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மிச்சம் இருந்தால்தானே நாளைக்குக் கொட்டுவான்? இன்றைக்கே சின்னப் பீப்பாயை வந்தவர்கள் வயிற்றுக்குள் காலிபண்ணிவிட வேண்டும். காலியானால் ஒரு வார்த்தை பேச வேண்டாம். ஆனால் வினிகரை மனிதர் எப்படிக் குடிப்பார்கள்? அதற்குத்தான் பயறு. பயறில் வினிகர் ஊற்றுவது எப்போதும் உள்ள வழக்கம், அவள் இன்றைக்கு இரண்டு பங்கு ஊற்றியிருந்தாள். வாய் முழுக்கப் புளிப்பு இருக்கும்போது ஒயின் குடித்தால் ஒயினின் புளிப்பு அடங்கித் தெரியும். தொழுவம் முழுக்க வினிகர் வாசனை அடித்தால் அது தட்டிலிருந்து வருகிறதா கோப்பையிலிருந்து வருகிறதா என்று யாருக்குத் தெரியும்? சாசேஜில் உப்பு தூக்கல், வயிற்றுக்கறியில் அதைவிடத் தூக்கல். தாகம் எடுக்கட்டும். வெங்காய ரோஸ்ட்டை மட்டும் கிட்டவே விடக்கூடாது. வறுத்த வெங்காயத்தின் இனிப்பு நாக்கில் இருக்கும்போது ஒரு வாய் குடித்தால் போதும், சின்னப் பீப்பாயின் சங்கதி அத்தனையும் அம்பலம்.

"அண்ணி, பயறு ரொம்பப் புளிக்குதே," என்றாள் ஹெர்த்தா, கரண்டியை நக்கி முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"புளிக்கட்டும்."

"உப்பும்—"

"கரிக்கட்டும்."

"உங்களுக்கு இன்னிக்கு என்னதான் ஆச்சு?" ஹெர்த்தா ஒயினே தொடமாட்டாள். ஆப்பிள் ஜூஸ்தான். ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவள். அவளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வருடம் ஆகும்.

மணி பன்னிரண்டு அடிக்கும் முன்பே ஆல்பிரெக்ட் வந்துவிட்டான். ஒவ்வொரு வருடமும் முதல் ஆள் அவன்தான், முதல் கோப்பையும் அவனுக்குத்தான். அவனும் தோட்டக்காரன், ஓட்மாரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். நல்லது என்று எதையும் அவன் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஊரில் யாருமே அப்படிச் சொல்கிற ஆள் இல்லைதான், ஆனால் இவன் அவர்களுக்கும் மேலே. மருமகளுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருக்கு," என்று சொன்னவன். லெம்பர்கரின் முதல் வாயைக் குடித்ததும், "குடிக்கலாம்," என்பான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை வந்தால் ஓட்மாருக்கு அந்த வருடம் முழுக்கப் போதும். ஒரு வருடம் மட்டும் "ம்" என்று நிறுத்திக்கொண்டான், ஓட்மார் ஒரு மாதம் தூங்கவில்லை.

அவனோடு ரொட்டிக்கடை எர்வினும், பின்னாலேயே இன்னும் ஏழெட்டுப் பேரும் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"நகந்துக்கடா."

"நீ இளைச்சிட்டு வா, அப்புறம் நகர்றேன்."

"ரோஸ்விதா, ரோஸ்ட் வாசனையே காணோம்? அடுப்பு இன்னும் மூட்டலியா?"

"ரோஸ்ட் இல்ல. பயறு இருக்கு." ரோஸ்விதா சொல்லும்போதே தட்டைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். ஓட்மார் ஜாடியை எடுத்துவரும் முன்பு இவர்கள் வாயில் ஒரு கரண்டி பயறாவது விழுந்துவிட வேண்டும். "சூடா இருக்கு, ஆறுறதுக்குள்ள எடுங்க. ஆல்பிரெக்ட், எடு."

"பயறா?" ஆல்பிரெக்ட் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "லெம்பர்கருக்கு?"

"ஏன், சாப்பிட்டா செத்தா போயிடுவ?"

"காட்டுப்பன்னிக் கறின்னா சரி. ரோஸ்ட்டுன்னா சரி. மலைப்பக்கத்துச் சீஸ் ஒரு கட்டி வச்சாக்கூட ஒத்துக்குவேன். பயறு சாயங்காலம் வீட்டுல பொண்டாட்டி கோவமா இருந்தா திங்கிறது."

"என் பொண்டாட்டியும் அதான் பண்ணுவா," என்றான் எர்வின். "கோவம் எவ்வளவுன்னு வினிகர்ல தெரிஞ்சுடும்." ஒரு வாய் எடுத்துப் போட்டான், கண்ணை மூடித் திறந்தான். "யம்மா. ஓட்மார் அப்படி என்ன பண்ணுனான் உன்ன?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ரோஸ்விதாவும் சிரித்தாள். எர்வின் சாப்பிட்டுவிட்டான், ஒருவனைப் பற்றிய கவலை விட்டது. "ஆல்பிரெக்ட், நீயும் எடு."

"முதல்ல ஒயினு, பொறவு தீனி. மாத்திப் பண்ணி எனக்குப் பழக்கமில்ல."

"இந்த ஒரு வருஷம் மாத்திப் பண்ணேன்."

"ஏன்?"

ஏன் என்று கேட்டுவிட்டான். அதற்குள் ஓட்மார் தொழுவ வாசலில் குனிந்து உள்ளே வந்தான், கையில் பீங்கான் ஜாடி. முகத்தைச் சவரம் பண்ணி, நல்ல சட்டை போட்டிருந்தான். ஆல்பிரெக்ட்டின் முன்னால் கைப்பிடி வைத்த கோப்பையை நகர்த்தி, விளிம்புவரை ஊற்றினான். கருஞ்சிவப்பு. பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊற்றிவிட்டு நகரவில்லை. எப்போதும் நிற்பதுபோலத்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்ப்பதுபோல நின்றான்.

ஆல்பிரெக்ட் கோப்பையைத் தூக்கினான். உதட்டருகே வந்ததும் கை ஒரு கணம் நின்றது. மோந்துவிட்டான். ரோஸ்விதா தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவன் குடித்தான். வாய்க்குள் வைத்துக்கொண்டே கண்ணை உயர்த்தி ஓட்மாரைப் பார்த்தான். நல்ல சட்டையைப் பார்த்தான். அப்புறம் ரோஸ்விதாவைப் பார்த்தான். அவள் முகத்தில் எதைப் படித்தானோ, ஜனவரியிலிருந்து வியாழக்கிழமை வியாழக்கிழமையாகத் திருப்பி அனுப்பப்பட்டதெல்லாம் அந்த நொடியில் அவனுக்குள் ஒன்றுசேர்ந்திருக்க வேண்டும். விழுங்கினான்.

"நல்லா இருக்கு ஓட்மார்," என்றான்.

பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றான் ஆல்பிரெக்ட் இன்னும் கொஞ்சம் சத்தமாக. பேசிப் பழக்கமில்லாத வார்த்தை. "அருமையா வந்திருக்கு."

அட பாவி மனுஷா, என்று ரோஸ்விதாவின் மனசு அடித்துக்கொண்டது. "குடிக்கலாம்" என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? "ம்" என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா? நல்ல மனசோடுதான் சொன்னான். நல்ல மனசோடு சொல்லத் தெரியாத ஊரில் பிறந்துவிட்டு இன்றைக்கா கற்றுக்கொள்ள வேண்டும்?

எர்வின் தன் கோப்பையை எடுத்துக் குடித்தான். பயறையும் தாண்டி அவனுக்கும் தட்டுப்பட்டிருக்க வேண்டும், புருவம் தூக்கியது. ஆல்பிரெக்ட்டின் முழங்கை அவன் விலாவில் இறங்கியது. "ஆமாமா," என்றான் எர்வின் உடனே. "பிரமாதம். போன வருஷத்தவிடத் தூக்கல்."

"எங்க, எனக்கும் ஊத்து," என்றது பக்கத்து பெஞ்சு. முழங்கையிலிருந்து முழங்கைக்குச் சேதி ஓடியது. குடித்தார்கள். "நல்லா இருக்கு." "நல்ல நெறம்." "நல்லா மணக்குதுப்பா." ஒவ்வொருவனும் சொல்லச் சொல்ல ஓட்மார் ஒவ்வொருவன் முகத்தையும் திரும்பிப் பார்த்தான். நடுவில் ஒருவன், "குடும்பத்துக்கே பெருமை," என்று என்னத்தையோ சொன்னான். ஓட்மார் ஜாடியை மேசையில் வைத்தான். வைத்த இடம் விளிம்பு, எர்வின்தான் எட்டிப் பிடித்தான்.

"குடிங்க," என்றான் ஓட்மார். "குடிங்க. இன்னும் கொண்டாறேன்."

அதற்குப் பிறகு அந்தத் தொழுவத்தில் நடந்ததை ரோஸ்விதாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குடித்தார்கள். மேற்கொண்டு கூட்டம் வந்தது, அவர்களும் குடித்தார்கள். ஜாடி காலியாகக் காலியாக, "இன்னொண்ணு" என்றார்கள். பயறை வாய் நிறைய அடைத்துக்கொண்டு அதன்மேல் ஊற்றி விழுங்கினார்கள். ரொட்டியைக் கேட்டார்கள், உப்பைக் கேட்டார்கள், தண்ணீர் கேட்கவில்லை. அவள் போட்ட திட்டம் அட்சரம் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது, யாரும் ஏமாறாமலேயே. ஓட்மார் நிலவறைக்கும் தொழுவத்துக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறை படியேறி வரும்போதும் கொஞ்சம் மெதுவாக வந்தான்.

ஹெர்த்தா சமையலறைக்குள் ஓடிவந்தாள். "அண்ணி, வெளிய என்னமோ சரியில்ல. எல்லாரும் பாராட்டுறாங்க."

"கேட்டுச்சு."

"ஆல்பிரெக்ட் என் ஸ்பெட்ஸ்லேயக்கூட நல்லா இருக்குங்கிறான். அவனுக்கு உடம்புக்கு ஏதும் வந்திருக்குமோ? டாக்டரக் கூப்பிடவா?"

"நீ போயி தட்ட எடு."

"அவன் சொன்னதுலேர்ந்து எனக்குக் கையே ஓடல—"

"போ ஹெர்த்தா."

அவள் போன வாசல் வழியாகவே ஓட்மார் உள்ளே வந்தான். கதவைச் சாத்தினான். காலி ஜாடியை மேசையில் வைத்துவிட்டு அடுப்பு முன்னால் போய் நின்றான். பயறுப் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, ஊதாமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். ரோஸ்விதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், கை காய்ந்து வெகுநேரமாகியிருந்தது.

"உப்பு தெரியுது," என்றான். "புளிப்பு தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

அவள் துணியை மடித்து வைத்தாள்.

"அதனாலதான் ரோஸ்ட் வேண்டான்னியா?"

"ம்."

"முதுகு வலின்ன."

"ஆமா, சொன்னேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பால் தீஞ்சுதே, அன்னிக்கு."

"அன்னிக்கேவா." கரண்டியைப் பானைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "நான் நல்லா சமாளிச்சேன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ மோப்பக்காரி. நெனச்சிருக்கணும்." வெளியே யாரோ மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அவன் காது அங்கே போய்த் திரும்பியது. "ஆல்பிரெக்ட் என்ன சொன்னான், கேட்டியா?"

"கேட்டேன்."

"எங்கப்பா செத்தப்போ குழிக்குப் பக்கத்துல நின்னு, மண்ணு ஈரமா இருக்குன்னான். அவ்வளவுதான் அவனுக்கு வரும். அவன் என்னப் பாத்து அருமைங்கிறான் ரோஸி. அப்படின்னா அதுல என்ன இருக்கு?"

"வினிகர்," என்றாள் ரோஸ்விதா. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. "பீப்பாய் பாதியா நின்னுடுச்சு. காய்ச்சல்ல உனக்கு எப்படித் தெரியும், நானாவது பாத்திருக்கணும். அத நாளைக்குப் பெருசுல கொட்டுறேன்ன. எனக்கு உயிரே இல்ல. அதான் இன்னிக்கே—"

"இன்னிக்கே குடிக்க வச்ச."

"ஆமா."

"எல்லாத்தையும்."

"ஆமாங்கிறேன்ல."

"காலி ஆயிடுச்சு," என்றான் ஓட்மார். "இப்பதான் கடைசி ஜாடி. சாய்ச்சுப் பிடிச்சேன். அவனுங்க இன்னும் வேணுங்கிறானுங்க. பாவம், குடல் வெந்துடும்." அவன் வாயோரம் ஏதோ அசைந்தது, சிரிப்பா என்று அவள் பார்ப்பதற்குள் போய்விட்டது. நாற்காலியை இழுத்தான், உட்காரவில்லை. சன்னலுக்குப் போனான், வந்தான். "பெருச நீ பாத்தியா?"

"இல்ல. சின்னதுதான். பெருசத் தொட எனக்கென்ன உரிமை? நீ கீழ யாரையும் விட்டதில்லியே."

"விட்டதில்ல," என்று ஒத்துக்கொண்டான். நிலவறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டான். முதல் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினான். "அவனுங்களுக்கு நல்லதா ஒரு வாயாவது குடுக்கணும். வர்றியா இல்லியா?"

படி குறுகல், முன்னால் அவன் முதுகு முழு வழியையும் அடைத்துக்கொண்டு இறங்கியது. கீழே குளிர். தலைக்கு மேல் பெஞ்சுகள் இழுபடும் சத்தம், எர்வினின் குரல், ஹெர்த்தா யாரையோ அதட்டுவது. சின்னப் பீப்பாய் ஓரமாக முன்பக்கம் சாய்ந்தபடி நின்றது. அதைத் தாண்டும்போது ரோஸ்விதா மூச்சை அடக்கிக்கொண்டாள். பெரிய பீப்பாயின் மேல் வாயை அடைத்திருந்த கட்டையை ஓட்மார் தட்டித் தட்டி எடுத்தான். கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல் முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினான். கோப்பையில் விட்டபோது குழாய் விளிம்பில் பட்டுக் கிணுகிணுத்தது. பழக்கத்தில் கோப்பையைத் தன் மூக்குக்குத்தான் கொண்டுபோனான். பாதி வழியில் கை நின்றது. அப்படியே திருப்பி அவளிடம் நீட்டினான்.

"நல்லா சுத்து. அவசரப்படாத. முதல்ல மோந்துட்டு, பொறவு குடி."

இத்தனை வருடம் அவன் செய்வதைப் பார்த்திருக்கிறாள். சுழற்றினாள். மூக்கை உள்ளே விட்டாள். பெருசும் போயிருந்தால் என்று அதுவரை பயந்துகொண்டிருந்தாள். வினிகர் இல்லை. மறுபடி மோந்தாள், தேவையில்லாமலே. ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடியிருந்ததை அவளே அப்புறம்தான் உணர்ந்தாள்.

திறந்தபோது அவன் வெகு அருகில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் தலையை ஆட்டினாள். போகவில்லை, பிழைத்துவிட்டது, என்று சொல்ல அதுவே போதும் என்று நினைத்தாள். அவன் நகரவில்லை. அவள் மறுபடியும் ஆட்டினாள். மேலே யாரோ ஜாடி என்று கத்தினார்கள், இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய்க்குள் அந்த ஒயின் இன்னும் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தது. அவளிடம் அதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. அடுப்பில் வேகிறதற்கெல்லாம் அவளுக்கு வார்த்தை உண்டு, இதற்கு இல்லை. அது எப்போதும் அவனுடைய பாடாகத்தான் இருந்தது.

"தலைய ஆட்டாத ரோஸி," என்றான் ஓட்மார். "என்ன வாசனை வருது? ஒண்ணு விடாம சொல்லு."